லோ-ஃபை இண்டி ஆல்பங்கள்: ஒரு இரைச்சல் இதமாகவும் இன்னொன்று எரிச்சலாகவும் இருப்பது ஏன்?

குமிழ் (கேள்வி)

லோ-ஃபை என்று நான் சொல்வது படிக்கும்போது பின்னால் ஓடவிடும் ஹிப்-ஹாப் பீட்ஸ் வகையை அல்ல. வீட்டிலோ மலிவான கருவியிலோ பதிவாகி, அந்தக் கரடுமுரடோடு அப்படியே வெளிவந்த ஆல்பங்களை. ஐந்தை முழுதாகக் கேட்டுக் குறித்து வைத்தது கீழே.

'நெப்ராஸ்கா' (புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 1982): சீறல் நன்றாகவே கேட்கிறது, ஆனால் தொந்தரவே இல்லை. குரல் எதிரொலியோடு எங்கோ தள்ளி நிற்கிறது.

'ஆல் ஹெயில் வெஸ்ட் டெக்ஸஸ்' (தி மவுண்டன் கோட்ஸ், 2002): பாட்டு முழுக்க அடியில் ஒரு 'விர்ர்'. முதல் பாட்டில் எரிச்சல். நான்காவது பாட்டுக்குள் அது இல்லாவிட்டால்தான் ஏதோ குறையும் போல.

'பீ தவுசண்ட்' (கைடட் பை வாய்சஸ், 1994): மெட்டுகள் அள்ளுகின்றன. ஆனால் இருபது நிமிடத்தில் காது களைத்துவிடுகிறது.

'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' (நியூட்ரல் மில்க் ஹோட்டல், 1998): அக்கூஸ்டிக் கிட்டார் ஏன் இப்படிப் பிய்ந்து கேட்கிறது? வீட்டுக் கேசட்டில் பதிந்ததாலா?

'ரூயின்ஸ்' (குரூப்பர், 2014): பியானோ, தவளைச் சத்தம், திடீரென்று ஒரு 'பீப்'. பிடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை.

தெரிய வேண்டியது மூன்று. ஒன்று, ஒவ்வொன்றிலும் காதில் விழுவது உண்மையில் என்ன? இரண்டு, களைப்புக்குக் காரணம் ஆல்பமா, ஹெட்போனா, ஆப்பா? மூன்று, இவற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "ரா-வா இருக்கு, மனசைத் தொடுது" என்பதைத் தாண்டி வரி வரமாட்டேன் என்கிறது. வேறு எப்படி எழுதுவது?

---

நான்காம்தடம்

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். லோ-ஃபை என்பது ஒரே சத்தம் இல்லை. குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் காதை வேறு விதமாகத் தொடும்.

'நெப்ராஸ்கா'வில் இருப்பது டேப் சீறல். 1979-இல் வந்த டீயாக் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற நான்கு தடக் கேசட் ரெக்கார்டர் (நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்கலாம்), இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக், அவ்வளவுதான். கேசட் நாடாவின் மொத்த அகலமே 3.81 மில்லிமீட்டர். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு தடத்துக்கும் ஒட்டடை அளவு இடம்தான் மிஞ்சும். தடம் குறுகக் குறுக, இசைக்கும் சீறலுக்கும் உள்ள இடைவெளி குறையும். இதை ஈடுகட்டத்தான் அந்தக் கருவி நாடாவை இரு மடங்கு வேகத்தில், வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓட்டியது. சாதாரண கேசட் ஓடுவது 4.76-இல். வேகம் இரட்டித்தால் உச்ச ஸ்தாயி தெளியும், நேரம் பாதியாகும். நான்கு தடமும் ஒரே திசையில் போவதால் மறுபக்கமும் கிடையாது. 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான்.

பதிந்ததை எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவி வழியாக ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் கலந்து இறக்கினார்கள். ஆக நாம் கேட்பது இரண்டாம் தலைமுறை. முதல் நாடாவின் சீறல், அதன் மேல் இரண்டாவதன் சீறல். இருந்தும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது மாறாத சீறல். ஏறாமல் இறங்காமல் ஒரே நிறத்தில் ஓடும் இரைச்சலை மூளை அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடும். எதிரொலியும் குரல், கிட்டார், ஹார்மோனிகா மூன்றின் மேலும் விழுவதால், எல்லாம் ஒரே இடத்தில் நடப்பது போல ஒட்டிக்கொள்கிறது.

'ஆல் ஹெயில் வெஸ்ட் டெக்ஸஸ்' வேறு கதை. அது பானசோனிக் ஆர்எக்ஸ்-எஃப்டி500 என்ற பூம்பாக்ஸில், அதற்குள்ளேயே இருக்கும் மைக்கில் பாடிப் பதிந்தது. மைக்கும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள். ஆகவே நாடாவைச் சுற்றும் சக்கரத்தின் அரைப்பையும் மைக் பிடித்துக்கொள்கிறது. உங்கள் 'விர்ர்' அதுதான்.

இந்த வகைப் பெட்டிகளில் இன்னொன்றும் உண்டு: தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு. சத்தம் ஏறினால் பெட்டி தானாகவே பதிவளவைக் குறைக்கும். சத்தம் நின்றால் மெல்ல ஏற்றும். விளைவு, ஓங்கி ஒரு அடி அடித்ததும் கிட்டார் ஒரு கணம் அமுங்கும். பாட்டு முடிந்து தந்தி அடங்க அடங்கப் பின்னணி இரைச்சல் மேலே மிதந்து வரும். பாடகர் கத்தும்போது சத்தம் கூடாமல் குரல் இறுகுவது போல மட்டும் தோன்றும். "முகத்துக்கு நேரே பாடுவது போல இருக்கு" என்று இந்த ஆல்பத்தைச் சொல்வதில் பாதி பங்கு இந்தக் கட்டுப்பாட்டுக்கு.

'ஏரோபிளேன்' பற்றிய ஊகம் தவறு. அது படுக்கையறைக் கேசட் அல்ல. டென்வரில் ராபர்ட் ஷ்னைடரின் ஸ்டுடியோவில், தெரிந்தே செய்தது. அக்கூஸ்டிக் கிட்டாரை நல்ல மைக்கில் பிடித்து, மைக் சிக்னலைப் பெருக்கும் கட்டத்தை அளவுக்கு மேல் திருகி, அங்கேயே பிய்ய விட்டிருக்கிறார்கள். மலிவுக் கருவியின் பிய்தலில் அடி ஸ்தாயி காணாமல் போகும், டப்பா சத்தம் வரும். இங்கே கிட்டாரின் அடி உடம்பு முழுசாக இருக்கிறது, விளிம்பு மட்டும் கிழிகிறது. இந்த வித்தியாசத்தை ஒருமுறை பிடித்துவிட்டால், எது இல்லாமையால் வந்தது, எது வேண்டிச் செய்தது என்று பாதி ஆல்பங்களில் காதே சொல்லிவிடும்.

கடைசியாக, நான்கு தட ஆல்பங்களில் டிரம்ஸ் மங்கிப்போய் குரல் மட்டும் பளிச்சென்று இருந்தால், அது பவுன்ஸ் செய்ததன் அடையாளம். மூன்று தடங்களை நிரப்பி, அவற்றை நான்காவதில் ஒன்றாகக் கலந்து இறக்கிவிட்டு, முதல் மூன்றை அழித்துப் புதிதாகப் பதிவார்கள். கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. டிரம்ஸ் குறைவாகப் போயிருந்தால் போனதுதான். ஒவ்வொரு இறக்கத்திலும் உச்ச ஸ்தாயி கொஞ்சம் தேயும், சீறல் கூடும். நான்கு தடத்தையும் சேர்த்துக் கலக்கும்போது சீறல் 3 டெசிபல் ஏறும் என்று கணக்கு.

---

ஒற்றைமைக்

கருவிப் பட்டியல் எல்லாம் சரி. ஆனா 'பீ தவுசண்ட்' ஏன் களைப்பா இருக்குன்னு கேட்டதுக்கு அதுல பதில் இல்லையே.

36 நிமிஷத்துல 20 பாட்டு. சராசரி ஒரு பாட்டுக்கு 1 நிமிஷம் 48 வினாடி. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி பதிஞ்சது. ஒண்ணுல குரல் முன்னால, அடுத்ததுல போர்வைக்குள்ள. ஒண்ணு மோனோ மாதிரி, இன்னொண்ணு ரெண்டு பக்கமும் விரியுது. காது ஒரு இரைச்சலுக்குப் பழகி ஒதுக்கி வைக்கிறதுக்குள்ள பாட்டே முடிஞ்சுடுது. அடுத்த பாட்டுக்கு முதல்ல இருந்து பழகணும். களைக்கிறது இரைச்சலால இல்லை, இரைச்சல் மாறிக்கிட்டே இருக்கிறதால. 'வெஸ்ட் டெக்ஸஸ்'ல இதைவிட மோசமான சத்தம், ஆனா 14 பாட்டுக்கும் ஒரே சத்தம். அதனாலதான் நாலாவது பாட்டுல சமாதானம் ஆயிட்டீங்க.

செய்ய வேண்டியது:

ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர். ரெண்டு மீட்டர் தள்ளி உட்காருங்க. அறையோட எதிரொலி எல்லாப் பாட்டுக்கும் பொதுவா ஒரு பூச்சு பூசும், மாற்றம் அவ்வளவு முகத்துல அடிக்காது.

ஷஃபிள் கூடவே கூடாது.

தனித்தனிப் பாட்டா கேட்காதீங்க, 36 நிமிஷத்தையும் ஒரே நீளப் பாட்டா நினைச்சுக் கேளுங்க. சில பாட்டுக்கு ரெண்டாவது சரணமே கிடையாது. அது குறை இல்லை, அவ்வளவுதான் பாட்டு.

முதல் பாட்டுல நடுவுல கிட்டார் அறுந்து போய்த் திரும்ப வரும். உங்க கனெக்‌ஷன்ல கோளாறு இல்லை. பதிவுலயே அப்படித்தான், விட்டுட்டாங்க. முதல் பாட்டுலயே அதை வச்சது "இப்படித்தான் இருப்போம், பிடிச்சா உள்ள வா"ன்னு கதவைத் திறந்து வைக்கிறதுதான்.

அப்புறம் 'நெப்ராஸ்கா'வை இண்டின்னு, அதாவது பெரிய கம்பெனியைச் சாராததுன்னு, சேர்க்கிறது கொஞ்சம் ஓவர். அதை வெளியிட்டதே பெரிய கம்பெனி. ஆனா அந்த வழியில நடந்த எல்லாரும் அதைக் கேட்டவங்கதான், அதனால விட்டுடறேன்.

---

அரைவேகம்

நான்காம்தடம் சொன்னதில் ஒரு திருத்தம். சம அளவுச் சீறல் உள்ள இரண்டு தடங்கள் சேர்ந்தால் 3 டெசிபல். நான்கு சேர்ந்தால் 6. அதுவும் நான்கு ஃபேடரும் (தடத்தின் ஒலியளவை ஏற்றி இறக்கும் விசை) ஒரே உயரத்தில் இருந்தால்தான். கலக்கத் தெரிந்தவர்கள் எதுவும் ஒலிக்காத இடத்தில் அந்தத் தடத்தை இறக்கி வைப்பார்கள். சில ஆல்பங்களில் இரண்டாம் குரல் நுழைவதற்கு அரை வினாடி முன்பு சீறல் லேசாகத் தூக்குவது கேட்கும். ஃபேடர் ஏறும் சத்தம் அது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். களைப்பில் பெரும் பங்கு கேட்கும் வழியில் இருக்கிறது, அதைச் சரி செய்வது சுலபமும்கூட.

கோப்பின் தரம். எம்பி3 மாதிரி சுருக்கும் முறைகளுக்குச் சீறலைக் கையாள்வது கடினம். சீறல் என்பது எல்லா அதிர்வெண்ணும் ஒழுங்கின்றிக் கலந்தது. திரும்ப வரும் வடிவம் எதுவும் அதில் இல்லை, ஆகவே சுருக்கப் பிடி கிடைக்காது. 128 கிலோபிட்டில் சீறல் சீறலாக இராது. தண்ணீருக்குள் கொப்பளிப்பது போலச் சுழலும், கைதட்டல் சத்தமும் இப்படித்தான் கெடும். நிலையான சீறலை மூளை ஒதுக்கும், சுழலும் சீறலை ஒதுக்காது. பளபளப்பாகப் பதிந்த ஆல்பத்தில் 128 பெரிதாகத் தெரியாமல் போகலாம். லோ-ஃபையில்தான் குறைந்த தரம் முதலில் மாட்டிக்கொள்ளும். ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) வேண்டும், இல்லையென்றால் 256-க்குக் குறையாத ஏஏசி (எம்பி3 போன்ற இன்னொரு வகை). யாரோ எம்பி3-யிலிருந்து வீடியோவாக ஏற்றியதைக் கேட்டு ஆல்பத்தைத் தீர்மானிக்க வேண்டாம். இருமுறை சுருங்கியது அது. புளூடூத்தில் கேட்டால் மூன்றாம் சுருக்கமும் சேரும். ஒருமுறையாவது வயர் மாட்டிக் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஒலியளவுச் சமன். ஸ்ட்ரீமிங் ஆப்கள் பாடல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும். ஸ்பாட்டிஃபையின் இயல்பு இலக்கு -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அளவு). ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு கூட்டல் குறைத்தல் நடக்கும். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி. மெதுவாகப் பதிந்த ஒரு நிமிடப் பாட்டை ஆப் தூக்கும்போது அதன் சீறலும் சேர்ந்து தூக்கும். ஒற்றைமைக் ஷஃபிள் வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம். 'சத்தமாக' என்ற அமைப்பைத் தொடவே வேண்டாம். அதில் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் நுழைகிறது, அமைதியும் உரப்பும் ஒரே மட்டத்துக்கு நெருங்கிவிடும்.

ஹெட்போன். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. மலிவு மைக்குகளும் பிய்ந்த கிட்டாரும் அதே பகுதியில்தான் குவியும். அந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஹெட்போன் என்றால் இருபது நிமிடம் தாங்காது. ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து, கியூ (எவ்வளவு அகலத்துக்கு இறக்குவது என்ற எண்) 1 அளவில், 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் பாடகர் அறைக்கு வெளியே போய்விடுவார்.

சீறலைக் குறைக்கிறேன் என்று 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 3 டெசிபல் வரை பரவாயில்லை. 6-ஐத் தாண்டினால் சீறலோடு மூச்சும், 'ஸ', 'ஃப' ஒலிகளும், பிக் தந்தியில் படும் சத்தமும் போகும். மிஞ்சுவது மங்கல். சீறல் நீக்கும் மென்பொருள் இன்னும் மோசம். நீக்கிய இடத்தில் கிணிகிணி என்று சிறு மணிச் சத்தங்கள் மிச்சமிருக்கும், குரல் வாலில் நன்றாகவே தெரியும்.

இடது வலது. நான்கு தட ஆல்பங்களில் ஒரு கிட்டார் முழுக்க இடது, இன்னொன்று முழுக்க வலது என்று கிடப்பது உண்டு. ஹெட்போனில் அது மண்டையை இரண்டாகப் பிளக்கும். கிராஸ்ஃபீட் வசதி உள்ள பிளேயரில் 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல் வைத்துப் பாருங்கள். இடது சத்தத்தில் கொஞ்சம் வலது காதுக்கும் போகும், ஸ்பீக்கரில் கேட்பது போல.

அளவு. வால்யூமைக் குரலை வைத்து அமையுங்கள், சீறலை வைத்து அல்ல. எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவர் பேசினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. வைத்த பிறகு ஆல்பம் முடியும்வரை கை போகக்கூடாது.

---

குமிழ்

மூன்று பேருக்கும் நன்றி. சமன் அமைப்பை 'சத்தமாக' என்றுதான் வைத்திருந்தேன்! மாற்றி, வயர் போட்டு, 3 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் இறக்கிய பிறகு 'பீ தவுசண்ட்' கடைசிப் பாட்டு வரை ஓடியது. 'ஏரோபிளேன்' இன்னும் கிழிகிறது, ஆனால் அது அப்படித்தான் என்று தெரிந்த பிறகு காது சண்டை போடவில்லை.

அடுத்து கேட்க நினைப்பது எலியட் ஸ்மித்தின் 'ரோமன் கேண்டில்' (1994). இரண்டு பதிப்பு இருக்கிறதாமே, எதைக் கேட்பது? மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

---

பக்கம்_ஆ

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் சொல்ல முடியும்.

'ரோமன் கேண்டில்' 2010-இல் மறுபடி வெளிவந்தபோது ஒலிப்பதிவாளர் லாரி கிரேன் புதிதாக மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தார். விரல் தந்தியில் வழுக்கும் 'கிரீச்' சத்தங்களும், குரலில் 'ஸ' மாதிரி குத்தும் ஒலிகளும் துருத்துகின்றன என்று அவற்றைத் தணித்தார். பளபளப்பாக்குவது நோக்கமில்லை, பாட்டு முன்னால் வரவேண்டும் என்பதே வாதம். அது நியாயமான வாதம்தான். என் தீர்ப்பு வேறு: முதல் முறை 1994 பதிப்பு. அந்த ஆல்பத்தில் குரல் கிசுகிசுப்பு அளவில் இருக்கிறது. விரல் வழுக்கும் சத்தம் சில இடங்களில் குரலைவிடப் பெரிதாகக் கேட்கிறது. இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இவ்வளவு மெதுவாகப் பாடுகிறார் என்று தூரத்தை அளந்து காட்டுவது அந்தக் கிரீச்தான். அதைத் தணித்தால் பாட்டு கெடாது, ஆனால் நீங்கள் இரண்டடி பின்னால் போய்விடுவீர்கள். ஹெட்போனில் நீண்ட நேரம் கேட்பவர்களுக்கு 2010-தான் வசதி. இரண்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள், எழுத நிறைய கிடைக்கும்.

எழுதுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி 'ட்வின் ஃபேன்டஸி'. கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற பெயரில் வில் டொலிடோ 2011-இல் வீட்டில் பதிந்து இணையத்தில் விட்டது. 2018-இல் அதே பாட்டுகளை முழு பேண்டோடு ஸ்டுடியோவில் திரும்பப் பதிந்து வெளியிட்டார்கள். ஒரே ஆள், ஏறக்குறைய அதே பாட்டுகள், ஏழு வருட இடைவெளி. ஒரு பாட்டை எடுத்து 2011, 2018, மறுபடி 2011 என்று கேளுங்கள். மூன்றாவது முறை முக்கியம். தெளிவானதைக் கேட்ட பிறகு பழையதில் வார்த்தைகள் எல்லாம் புரியும், அப்போது இரைச்சல் எதை மறைத்திருந்தது, எதைக் காப்பாற்றியது என்பது தனித்தனியாகத் தெரியும். எனக்கு 2018 பதிப்பில் டிரம்ஸும் 2011 பதிப்பில் கத்தலும் பிடிக்கும். பழையதில் குரல் பிய்ந்து கருவிகளோடு கலந்துவிடுவதால், யாரிடம் பேசுகிறார் என்பதில் ஒரு வெட்கம் இருக்கிறது. புதியதில் வெட்கம் போய் அது ஒரு அறிவிப்பாகிவிட்டது.

இப்போது எழுதும் முறை.

மூன்று முறை கேளுங்கள், மூன்றுக்கும் மூன்று வேலை. முதல் முறை பேனா கூடாது. இரண்டாவது முறை நேரத்தை மட்டும் குறியுங்கள்: 1:12, 2:40 என்று. எங்கே தலை தூக்கினீர்களோ, எங்கே கவனம் சிதறியதோ, அந்த இடங்கள். காரணம் எழுத வேண்டாம். மூன்றாவது முறை அந்த இடங்களுக்கு மட்டும் போய், அந்தக் கணத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். குரல் நின்றதா, சீறல் ஏறியதா, ஒரு தடம் நுழைந்ததா? மாற்றத்தையும் அதற்கு உங்களிடம் நடந்ததையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். "மனதைத் தொட்டது" என்பதில் பாதிதான் இருக்கிறது. எது தொட்டது என்பது இல்லை.

சொற்களும் வேண்டும். "இரைச்சல்" ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியாது. நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. நாடாவின் 'ஸ்ஸ்' என்றால் சீறல். மின்கம்பியிலிருந்து நுழையும் அடிநாதம் ரீங்காரம். மோட்டார் என்றால் அரைப்பு. அளவு மீறிய குரல் கரகரக்கும், அளவு மீறிய கிட்டார் கிழியும் அல்லது பிய்யும். உச்ச ஸ்தாயி தேய்ந்தால் மங்கல். நடு ஸ்தாயி மட்டும் மிஞ்சினால் டப்பா. நாடா வேகம் தள்ளாடினால் அலைவு. அலைவு கிட்டார் அடிப்பில் ஒளிந்துகொள்ளும், பியானோவின் நீண்ட சுரத்திலும் ஆர்கனிலும் பட்டவர்த்தனமாகத் தெரியும். பிய்தலிலும் இரண்டு வகை. நாடாவில் அளவு மீறினால் முதலில் சிம்பல் போன்ற உச்ச ஒலிகள் 'ஸ்ஸ்' என்பதிலிருந்து 'ஷ்ஷ்' ஆகும், ஓரங்கள் மழுங்கும். கம்ப்யூட்டரில் அளவு மீறினால் மழுங்காது, உச்சியில் 'படக் படக்' என்று வெட்டும். முந்தையதை "சூடாக இருக்கு" என்று எழுதுகிறார்கள். மழுங்கல் என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

ஒன்றைத் தவிர்க்கச் சொல்வேன்: கருவிப் பெயரைக் காரணமாக எழுதுவது. "நான்கு தடத்தில் பதிந்ததால் நேர்மையாக இருக்கிறது" என்பது வெறும் ஒட்டு. தி மைக்ரோஃபோன்ஸின் 'தி குளோ பார்ட் 2' (2001) ஒலிம்பியாவில் டப் நார்கோட்டிக் ஸ்டுடியோவில் நாடாவில் உருவானது. படுக்கையறை அல்ல. ஆனால் சீறலை அமைதியாகவும், கப்பல்களுக்கான மூடுபனிக் கொம்பின் சத்தத்தைத் திரும்பத் திரும்ப வரும் ஒரு இடமாகவும் அது பயன்படுத்தும் விதம், வீட்டில் பதிந்த பல ஆல்பங்களுக்கு வாய்க்கவில்லை. அதைக் கேட்கும்போது உரத்த பகுதி நின்றதும் மிஞ்சும் சீறலைக் கவனியுங்கள். அங்கே பாட்டு முடியவில்லை என்பதைச் சீறல்தான் சொல்கிறது.

---

ஒற்றைமைக்

மேல சொன்னதுல ஒரு இடம் ஒத்துக்க மாட்டேன். கருவியே காரணமா இருக்கிற ஆல்பமும் உண்டு. டேனியல் ஜான்ஸ்டன் ஆரம்பத்துல கேசட்டைப் பிரதி எடுக்க வழியில்லாம, யாருக்காவது குடுக்கணும்னா முழு ஆல்பத்தையும் திரும்பப் பாடிப் பதிஞ்சு குடுத்தார். அங்க ஒவ்வொரு கேசட்டும் ஒரு தனிக் கச்சேரி. கருவியை எழுதாம அதை எப்படி எழுதுவீங்க?

---

பக்கம்_ஆ

அங்கே கருவி ஒரு நடந்த விஷயம். அதை எழுதலாம், எழுத வேண்டும். "அதனால் நேர்மை" என்று தாவுவதைத்தான் சொன்னேன்.

---

நான்காம்தடம்

3-ஐ 6 ஆகத் திருத்தியது சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

விடுபட்ட 'பீப்': 'ரூயின்ஸ்' பெரும்பகுதி 2011-இல் போர்ச்சுகலின் அல்ஜெசூரில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு நான்கு தட ரெக்கார்டர், ஒரு ஸ்டீரியோ மைக், ஒரு பியானோ வைத்துப் பதிந்தது. மைக் பியானோவை மட்டும் தனியாகப் பிடிக்காது. அறையையும் சேர்த்துத்தான் பிடிக்கும். தவளைகள் வந்தது அப்படித்தான். பீப் என்பது மின்சாரம் போய்த் திரும்ப வந்ததும் மைக்ரோவேவ் அடுப்பு போட்ட சத்தம். 'லேபிரின்த்' பாட்டின் முடிவில் வரும். வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை.

அந்த பீப் உடம்பைத் தூக்கிப் போடுவதற்குக் காரணம் எளிது. அந்த ஆல்பத்தில் பியானோ, தவளை எல்லாம் மென்மையாகத் தொடங்கி மெல்ல அடங்கும் ஒலிகள். சட்டென்று தொடங்கிச் சட்டென்று அறுபடுவது அந்த பீப் ஒன்றுதான். சுருதியும் பாட்டோடு சம்பந்தமில்லாதது. கூடவே அது உங்கள் வீட்டிலும் கேட்கக்கூடிய சத்தம், அதனால் ஆல்பத்துக்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்று ஒரு கணம் தெரியாது. ஹெட்போனைக் கழற்றிச் சமையலறையை எட்டிப் பார்த்திருந்தால், மூன்றாவது கேள்விக்கான முதல் வாக்கியம் கையில் இருக்கிறது.

---

குமிழ்

எட்டிப் பார்த்தேன். 'லேபிரின்த்' கடைசிச் சில வினாடிகள் என்று குறித்துக்கொள்கிறேன். இன்று இரவு 1994 'ரோமன் கேண்டில்', வயரில், சமன் அணைத்து.